ஞாயிறு ரியூசனுக்கு ஞாயிறு கூட்டம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ரியூசன் வகுப்பு நடத்துவதைத் தடைசெய்ய ஒரு விதி வரப்போகிறதாம். பொதுமக்கள் கருத்தைக் கேட்க இன்று காலை சாவகச்சேரியில் கூட்டம்.

ஐம்பது கதிரை போட்டிருந்தார்கள். வந்தது நான் ஒருத்திதான். என் மகனுக்கு வகுப்பு பின்னேரம்.

"சனத்தைக் காணேல்லை, ஐயா?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"எல்லாரும் பிள்ளையளை ரியூசனுக்கு ஏத்தி இறக்கினம், தங்கச்சி. வேறை நாள் வைப்பமெண்டு சொன்னனான், ஆர் கேட்டது? ஒருத்தரும் கருத்தெழுதாட்டி, எல்லாருக்கும் சம்மதமெண்டுதான் மேலை போகும்."

பத்தரைக்கு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு அவரே எழும்பினார். "என்ரை மகளுக்கும் வகுப்பு முடியுது. ஓடிப்போய் ஏத்திக்கொண்டு வாறன். நான் வாறவரைக்கும் இந்தக் கருத்துப் புத்தகத்தை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ."

பாவம், மனுசன் ஓடினார்.

அரை மணித்தியாலம் அரசாங்கத்தின் கதிரையில் நான்தான் இருந்தேன். ஒருவரும் வரவில்லை.

ரியூசன் வாசலில் போனைப் பார்த்தபடி நிற்பவர்களே, இந்தப் பதிவின் கீழேயாவது சொல்லுங்கள்: விதி வேண்டுமா, வேண்டாமா?