தோற்ற மறுநாள் என் வீட்டு வாசலுக்கு வந்தவர்

சண்முகக்கனி அக்கா இறந்த செய்தி நண்பகலில் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் போன் அடித்தால் சட்டென்று எடுக்கக் கை வராது. பட்டாசுக் கம்பெனிகளில் வேலை மும்முரமாக நடக்கும் நேரம் அது. எந்தக் கம்பெனியில் விபத்து, யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் மனம் முதலில் ஓடும். திரையில் வந்தது அக்காவின் மருமகள் பெயர். அவள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியாது.

"சித்தி, பதறாதீக. கம்பெனியில ஒண்ணுமில்ல. அத்தைதான் போயிட்டாக. கஞ்சி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சாக. எழுப்புனேன், முழிக்கல."

நான் அழுதேன். ஆனால் அழுகைக்கு முன்னால் வந்தது ஒரு நிம்மதிப் பெருமூச்சு. அக்காவை அறிந்தவர்கள் இதைத் தவறாக நினைக்க மாட்டார்கள். சர்க்கரை நோயால் கால் புண்ணாகி, கடைசி வருடம் மிகவும் சிரமப்பட்டார். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல மட்டும் என்னைப் போட்டுராதீக" என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அவர் கேட்டபடியே நடந்தது. எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு அப்படி அமைகிறது?

அவர் எங்கள் ஊரில் மாவு மில் நடத்தியவர். கணவர் காலமான பிறகு தனியாகவே நடத்தினார். அன்றன்றைய வேலை முடிந்து மில்லைப் பூட்டிய பிறகு, சாயங்கால வேளைகளில் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். ரேஷன், குடிநீர், கம்பெனியில் கழிப்பறை, அடிக்கிற புருஷன் என எல்லாம் அங்கே பேச்சில் வரும். பேசியதோடு விட மாட்டார். பஸ் ஏறி ஒன்றிய அலுவலகத்துக்கும் விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்கும் போய் நிற்பார். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அவர்தான் நிற்பார், அவர்தான் ஜெயிப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவரைத் தோற்கடிப்பதற்காக நிறுத்தப்பட்டவள் நான்.

என்னை நிறுத்தியது என் கொழுந்தனார் காளிராஜ். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புவது, இடம் பார்த்துக் கொடுப்பது அவருடைய தொழில். என் கணவர் லோடு லாரி ஓட்டுபவர், சீசனில் வீட்டுக்கே வர மாட்டார். நான் அப்போது ஒரு கம்பெனியில் வெடி சுற்றிக்கொண்டிருந்தேன். "மதினி, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். பேரு மட்டும் உங்க பேரு" என்றார் கொழுந்தனார். போஸ்டரில் என் படத்தைவிட அவர் படம்தான் பெரிதாக இருந்தது. நான் ஜெயித்தேன். எங்கள் வாசலில் சரவெடி வெடித்தது. மாலை அவர் கழுத்தில்தான் விழுந்தது.

மறுநாள் காலையில் சண்முகக்கனி அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எண்ணிக் கொழுந்தனார் முன்னால் போய் மறித்தார். அக்கா அவரைத் தாண்டி என்னைப் பார்த்தே பேசினார். "தலைவரே, நல்லா இருக்கீகளா? மொதக் கூட்டம் என்னைக்குன்னு சொல்லுங்க. நாங்க வருவோம்." என்னை முதன்முதலில் தலைவரே என்று கூப்பிட்டவர் என்னிடம் தோற்றவர்தான். உள்ளே போய் அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

முதல் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் கொழுந்தனார் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றேன். மனுவோடு வந்த அக்கா அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, அவருக்கு முதுகு காட்டி என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தெருவிளக்கு, வாறுகாலில் தேங்கும் சாக்கடை எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார். கொழுந்தனார் பின்னாலிருந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா திரும்பவேயில்லை. "தலைவர் என்ன சொல்லுதீக?" என்று என்னையே கேட்டார். கடைசியில் நான் வாய் திறந்து, "நேர்ல வந்து பாக்குதேன்" என்றேன். நான் தலைவராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எல்லோருக்கும் தெரிந்த பெரிய சண்டை அதற்குப் பிறகு வந்தது. அங்கன்வாடிக்குப் பக்கத்து நிலத்தில் வெடிச் சரக்கு வைக்கும் கிட்டங்கி கட்ட ஒரு கம்பெனிக்காரர் அனுமதி கேட்டார். இடம் பார்த்துக் கொடுத்தது கொழுந்தனார். ஊராட்சி ஆட்சேபிக்காது என்று நான் தீர்மானம் போட வேண்டும் என்றார். அந்த அங்கன்வாடியில்தான் கம்பெனிக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப் போகிறார்கள். நான் மாட்டேன் என்றேன். வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போனார்கள். கணவர் போனில், "உனக்குச் சரின்னு பட்டதைச் செய்யி" என்று சொல்லி வைத்துவிட்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அடுத்து வந்த கிராம சபையில் கொழுந்தனார் மைக்கைப் பிடித்தார். "மதினிக்கு உடம்பு சரியில்ல. ராஜினாமா பண்ணப் போறாக" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து சண்முகக்கனி அக்கா எழுந்தார்.

"இந்தம்மா ராஜினாமா பண்ணுனா மறுபடி எலக்‌ஷன் வரும். நான்தான் நிப்பேன். இந்தத் தடவை ஜெயிச்சாலும் ஜெயிச்சிருவேன். எனக்குத்தான் லாபம். ஆனாலும் கேக்கேன். தலைவர் அவுக வாயால சொல்லட்டும். மைக்கை அவுக கையில குடு காளிராசு."

அவர் கொடுக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்தார்கள். பிறகு பின்வரிசை எழுந்தது. யாரும் கத்தவில்லை, எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். கூட்டத்துக்கு வந்திருந்த அலுவலர் மைக்கை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் ராஜினாமா பண்ணல. கிட்டங்கி அங்கன வராது" என்றேன். சொல்லி முடித்ததும், என் மேலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. கிட்டங்கி ஊருக்கு வெளியே வேறு இடத்துக்குப் போனது. அங்கன்வாடி இன்றும் அங்கேயேதான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் மில்லில் வைத்து அக்காவிடம், "நான் ராஜினாமா பண்ணியிருந்தா நீங்க நின்னு ஜெயிச்சிருப்பீகளே, ஏன்க்கா தடுத்தீக?" என்று கேட்டேன். "நான் ஜெயிக்கிறதுக்கா இம்புட்டு வருசமா ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குனேன்? ஒரு பொம்பள அந்த நாற்காலியில நெசமா உக்காரணும். அது நீயா இருந்தா என்ன, நானா இருந்தா என்ன?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "தோத்ததும் நல்லதுதான். மில்லை யாரு பாக்கிறது?" என்றார்.

அதன் பிறகு நாங்கள் சேர்ந்தே போனோம். ஒன்றியக் கூட்டங்களில் பெண் தலைவர்களுக்குப் பதிலாகக் கணவர்களும் அண்ணன் தம்பிகளும் உட்காரக் கூடாது என்று பல மாதம் கேட்டோம். "அதிகாரிகிட்ட கோவப்படாத. கோவப்பட்டா அவரு எந்திரிச்சுப் போயிருவாரு. நாம அங்கனயே உக்காந்திருக்கணும்" என்பார் அக்கா. ஒரு நாள் அதிகாரி ஆண்களையெல்லாம் வெளியே அனுப்பினார். உள்ளே இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தோம். எம். புதுப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மெல்ல, "ஃபேனைப் போடச் சொல்லுங்க, வேக்குது" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு பேச்சு நிற்கவே இல்லை.

சட்டமன்றத் தேர்தலில் பெண்களுக்கு இடம் கேட்டு அக்கா கட்சி அலுவலகங்களுக்கும் போனார். ஒரு இடமும் கிடைக்கவில்லை. "காப்பி என்ன, பலகாரம் என்ன! சம்பந்தி வீட்டு மரியாதை குடுத்து அனுப்பிட்டாக" என்று வந்து சொன்னார். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

எங்கள் பதவிக் காலம் முடிந்துவிட்டது. பதவி போனதும் பெண்கள் பழையபடி வீட்டுக்குள் போய்விடுவார்களோ என்று அக்கா பயந்துகொண்டே இருந்தார். போன கிராம சபைக்கு அவரால் வர முடியவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பந்தல்ல இடம் பத்தலக்கா. ஆம்பளைக வெயில்ல நின்னாக" என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப சரி" என்றார். அவர் முகம் அவ்வளவு இளகி நான் பார்த்ததில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். பெண்கள் பொது இடத்தில் பேசப் பயப்படுவது பெரும்பாலும் யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் பதில் தெரியாதே என்றுதான். அக்காவுக்கு அந்தப் பயம் இல்லை. எவ்வளவு பெரிய அதிகாரி கேட்டாலும், "தெரியல. கேட்டுட்டு வந்து சொல்லுதேன்" என்பார். தலை குனியாமல் சொல்வார். சொன்னபடி கேட்டுக்கொண்டு வந்தும் சொல்வார். அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பெண்கள், "அடுத்த எலக்‌ஷன்ல நிப்பீகளா? ஜெயிப்பீகளா?" என்று என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள். நிற்பேன் என்றேன், இந்த முறை போஸ்டரில் என் படம் மட்டும்தான் என்றும் சொன்னேன். ஜெயிப்பேனா என்பதற்கு, "தெரியல. உங்களைத்தான் கேக்கணும்" என்றேன்.