ரொஹானாவின் தாய் பெயர்

பாக் அடிலாவுக்கு ஒரு கர்வம் உண்டு. அதைக் கர்வம் என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஞாபகசக்தி என்பார். இந்துமாக்கடல் நடுவே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கோக்கோஸ் ஹோம் தீவில் இருப்பதே ஐந்நூறு சொச்சம் பேர். அத்தனை பேரையும் பெற்ற தாய்மாரின் பெயர்கள் அவர் நாக்கு நுனியில் இருந்தன. கபர் என்கிற புதைகுழியருகே செத்தவர் பெயர் சொல்லி ஓதும் தல்கீனைக் காகிதத்தைப் பார்த்து ஓதுகிறவனை அவர் ஓர் ஆளாகவே மதிப்பதில்லை. "பேர் தெரியாம கபர்கிட்ட உக்காரறவன், விலாசம் தெரியாம தபால் கொண்டுபோறவன்தான்," என்பார்.

பிழைப்புக்கு அவர் ஹோம் தீவுக்கும் மேற்குத் தீவுக்கும் நடுவே ஓடும் ஃபெர்ரியின் இஞ்சின்காரர். சிறு வயதில் எஸ்டேட்டில் தேங்காய் உரித்தார். பிறகு படகு கட்டினார், பிறகு இஞ்சினுக்கு வந்தார். அடிலா பிறந்தது முதல் அவர் அடிலாவின் அப்பா, அதாவது பாக் அடிலா. அந்தத் தீவில் மூத்த பிள்ளை பிறந்ததும் பெற்றவர்களின் சொந்தப் பெயர் பரணில் ஏறிவிடும். வஹ்யூதீன் என்று யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பரணில் ஏறிய பெயர் இறங்கிவருவது சாவன்றுதான். செத்தவரின் மையத்தைக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளி மூடியதும் பாக் அடிலா தலைமாட்டில் பாய் விரித்து உட்காருவார். இன்னாரே, இன்னாளின் மகனே என்று கூப்பிடுவார், அதைக் கேட்டு மையத்து எழுந்து உட்காரும் என்று நம்பிக்கை. இப்போது உன்னிடம் வானவர் இருவர் வருவார்கள், முன்கரும் நக்கீரும், பயப்படாதே, அவர்களும் உன்னைப் போல் படைக்கப்பட்டவர்கள்தான் என்பார். உன் இறைவன் யார், உன் நபி யார், உன் வேதம் எது என்று கேட்பார்கள், திக்காமல் சொல் என்று பதிலையும் எடுத்துக்கொடுப்பார். பரீட்சை மண்டபத்து வாசலில் நின்று பிள்ளைக்குக் கடைசியாக ஒருமுறை சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான்.

தகப்பன் பெயரை விட்டுத் தாய் பெயரை ஏன் சொல்கிறோம் என்று கேட்பவர்களுக்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும். ஈஸா நபிக்கு, அதாவது இயேசுவுக்கு, தாய் மட்டும்தானே உண்டு. கியாமத் என்கிற தீர்ப்பு நாளில் எல்லோரையும் தகப்பன் பெயரால் அழைத்தால் மர்யமின் மகன் தனியாக நிற்கமாட்டாரா? தகப்பன் பெயர் சொல்ல முடியாத ஏழைப் பிள்ளைகளும் அன்றைக்குத் தலைகுனிய வேண்டாம் என்று அல்லாஹ் வைத்த மரியாதை அது என்பார். சொல்லும்போது அந்த மரியாதையில் தமக்கும் ஒரு பங்கு இருப்பதுபோல் முகம் மலரும்.

ரொஹானா செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பத்திரண்டாவது வயதில். மேற்குத் தீவு விடுதியில் அறைகளைத் துடைத்துவிட்டு வந்தவள் தலைவலி என்று படுத்தாள், அவ்வளவுதான். பாக் அடிலா மணலில் உட்கார்ந்து, "ரொஹானாவே, ஸலேஹாவின் மகளே," என்று கணீரென்று கூப்பிட்டார். ஸலேஹா செத்துப் பத்து வருஷம் ஆகிறது, அவளுக்கும் அவர்தான் ஓதினார். நன்றாக ஓதினோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்.

மூன்றாம் நாள் காலை ஃபெர்ரி புறப்படும் முன்பு ஸலேஹாவின் தங்கை வந்து இஞ்சின் அறை வாசலில் நின்றாள். ஸாபிரின் அம்மா, அதனால் மாக் ஸாபிர். பாக் அடிலாவும் அவளும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், ஒரே மதரஸாவில் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள்.

"அன்னைக்கு நீங்க யாரைக் கூப்பிட்டீங்க, பாக் அடிலா?"

"எங்க?"

"கபர்ல."

"இது என்ன கேள்வி? ரொஹானாவத்தான்."

"ஸலேஹா மகளேன்னு கூப்பிட்டீங்க."

"பின்ன? உங்க அக்கா பேரு உங்களுக்கே மறந்துபோச்சா?"

"அவ வளத்தவ," என்றாள். "பெத்தவ நான்."

பாக் அடிலா கையில் இருந்த எண்ணெய்த் துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

எழுபத்தைந்தாம் வருஷத்தில் தீவிலிருந்து பல குடும்பங்கள் ஆஸ்திரேலியக் கரைக்குப் போயின. ஸலேஹாவும் புருஷனும் அங்கே கட்டானிங் என்ற ஊரில் ஆட்டிறைச்சிக் கூடத்து வேலைக்குப் போனபோது பதினாறு வயதுத் தங்கையையும் துணைக்கு அழைத்துப்போனார்கள். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது ஸலேஹாவின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. இவ்வளவு வருஷம் பிள்ளை இல்லாதவளுக்கு அல்லாஹ் கொடுத்தான் என்று தீவே கந்தூரிச் சோறு தின்றது. அந்தச் சோற்றைப் பாக் அடிலாவும் தின்றிருக்கிறார்.

"அவன் யாருன்னு கேக்காதீங்க," என்றாள். "கல்யாணம் பண்ணிக்கிறேன்னான், பண்ணல. அதோட அவன் கதை முடிஞ்சுது. அக்கா பிள்ளைய வாங்கிக்கிட்டா, நான் வாய மூடிக்கிட்டேன். நீங்கல்லாம் மாக் ஸாபிர், மாக் ஸாபிர்னு கூப்பிடறப்பல்லாம், ஸாபிர் எனக்கு ரெண்டாவதுடான்னு உள்ளுக்குள்ள சொல்லிக்குவேன். அது போகட்டும். நீங்க வேற ஒருத்தி மகளைக் கூப்பிட்டிருக்கீங்களே, இவ எப்படி எந்திரிச்சு உக்காருவா? அந்த ரெண்டு பேரும் வந்து கேட்டா என்ன சொல்லுவா?"

மேலே நங்கூரக்காரன் மணி அடித்தான். அவள் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பாக் அடிலாவை அது பிடித்துக்கொண்டது. பேய் என்றால் ஓதி ஊதி விரட்டலாம், இதை எதை ஓதி விரட்டுவது? அவர் எடுத்துக்கொடுத்த பதில்கள் எல்லாம் ஸலேஹாவின் மகள் என்ற இல்லாத ஒருத்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இங்கே ரொஹானா இருட்டில் மண்ணுக்கடியில் வாய் திறக்காமல் கிடக்கிறாள். இஞ்சின் ஓடும் தடதடப்பில் அவருக்கு ஒரே கேள்வி கேட்டது: உன் இறைவன் யார், உன் இறைவன் யார். பதில் வராமல் கேள்வி மட்டும் மேற்குத் தீவுவரை போயிற்று, திரும்பியும் வந்தது.

ஃபெர்ரியில் ரொஹானா உட்காரும் கடைசி பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஐந்தாம் நாள் காலை கயிறு அவிழ்க்கும்போது பாக் அடிலா தலையை வெளியே நீட்டி, "பொறுடா, ரொஹானா வரா," என்றார். படகுத்துறைப் பாலத்தில் நீல முக்காடு வருவதை அவர் கண்ணால் பார்த்தார். படகில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலத்தில் வெயில் மட்டும் இருந்தது. அன்றைக்கு இஞ்சினை நங்கூரக்காரன்தான் கிளப்பினான்.

சாயங்காலம் இமாமிடம் போனார். ஹாஜி நூர்டின் மலேசியாவில் கிளந்தானில் படித்தவர், பாக் அடிலாவுக்கு மகன் வயது, எதற்கும் சிரித்த முகம். தாய் பெயர் தவறிப்போயிற்று என்று மட்டும் பாக் அடிலா சொன்னார். யாருடைய தாய் என்று இமாமும் கேட்கவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர்.

"பாக் அடிலா, அல்லாஹ் உங்க ஞாபகசக்திய நம்பியா கணக்குக் கேக்கப் போறான்? தல்கீன் நம்ம மன ஆறுதலுக்கு. வேணும்னே ஓதாத ஊரெல்லாம் இருக்கு. அங்க மையத்தெல்லாம் முழிச்சுக்கிட்டா கிடக்கு?"

"எனக்கு ஆறுதல் இல்லையே, இமாம்."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. தாய் பேர் தெரியாதவங்களை ஹவ்வா மகளேன்னு கூப்பிடலாம்னு இருக்கு. எல்லாருக்கும் அவங்கதானே தாய்? ஏழாம் நாள் அப்படி ஓதிடுங்க. யார் மானமும் போகாது."

போன உயிர் வந்ததுபோல் இருந்தது அவருக்கு. நேரே மாக் ஸாபிரின் வீட்டுக்கு நடந்தார். அவள் பின்வாசலில் உட்கார்ந்து மீன் செதிள் சீவிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைத் தலை நிமிராமல் கேட்டாள்.

"ஹவ்வாவா," என்றாள். "கட்டானிங் ஆஸ்பத்திரில ரெண்டு நாள் கத்துனது ஹவ்வாவா? பால் கட்டிக்கிட்டு மாரு வீங்கி, துணியப் போட்டு இறுக்கிக் கட்டிக்கிட்டுக் கிடந்தது ஹவ்வாவா?"

"பின்ன உங்க பேரச் சொல்லட்டுமா? ஊரே நிக்கும். ஸாபிர் நிப்பான்."

அவள் கையில் கத்தி நின்றது. "சொல்லாதீங்க," என்றாள். பிறகு, "ஹவ்வான்னும் சொல்லாதீங்க," என்றாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன என்னதான் சொல்லித் தொலைக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? ஞாபகசக்திக்காரர் நீங்க."

ஏழாம் நாள் பாத்திஹா ஓதுவது மக்ரிப் என்கிற அந்தித் தொழுகைக்குப் பிறகு, ரொஹானாவின் வீட்டில். அதற்கு முன்னால், சாயங்கால அஸர் தொழுததும், பெண்கள் எல்லாம் அடுப்படியில் இருக்கிற நேரத்தில் கபர்ஸ்தானுக்கு வரும்படி அவளுக்குச் சொல்லியனுப்பினார். இரண்டு பேர் மட்டும், காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று கணக்கு. போய்ப் பார்த்தால் இர்ஃபான் அங்கே இருந்தான். ரொஹானாவின் ஒரே மகன், துறைமுகத்தில் பாரம் இறக்குகிறவன், கல்யாணத்துக்கு நிச்சயமானவன். ரம்பை இலை போட்ட தண்ணீரைத் தாயின் கபர்மேல் ஊற்றிக்கொண்டிருந்தான். மாக் ஸாபிரும் பின்னாலேயே வந்துவிட்டாள், திரும்பிப் போகவும் முடியாது.

"ஓத வந்தீங்களா?" என்று கேட்டு அவனே பாயை விரித்துக் கொடுத்தான்.

பாக் அடிலா உட்கார்ந்தார். "ரொஹானாவே," என்றார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அதற்குமேல் ஓடவில்லை. ஹவ்வா என்ற பெயர் வாயில் தயாராக இருந்தது, அதைச் சொன்னால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"துகீனா," என்றாள். "துகீனா மகளேன்னு சொல்லுங்க."

அவளுடைய சொந்தப் பெயர் அது. உயிரோடு இருக்கிறவள் தன் பெயரைத் தானே பரணிலிருந்து இறக்கினாள். பாக் அடிலா அதை அப்படியே சொன்னார். "ரொஹானாவே, துகீனாவின் மகளே." பிறகு ஒரு சொல் விடாமல், இறைவன், நபி, வேதம் என்று கடைசிவரை ஓதி முடித்தார். ஓதி முடித்தும் அவருக்கு இர்ஃபானின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இர்ஃபான் காலி வாளியைக் கவிழ்த்து வைத்தான். "அம்மாவுக்குத் தெரியும், நெக்," என்றான், பாட்டி என்று எப்போதும் கூப்பிடுகிற அதே குரலில்.

அவள் அவனையே பார்த்தாள்.

"உம்ராவுக்கு மக்கா போகப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வரவழைச்சாங்கல்ல, மூணு வருஷம் முன்னாடி? அதுல உங்க பேருதான் இருந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே."

"நானும் கேளுங்கன்னுதான் சொன்னேன். 'அவங்களா சொல்லட்டும்டா, நான் எங்க போயிடப் போறேன்'னாங்க."

துகீனா அழவில்லை. மணலில் உட்கார்ந்து, ஈர மண்ணை உள்ளங்கையால் தடவிச் சமம் செய்தாள். மூன்று வருஷம். அதில் எத்தனை பெருநாள், எத்தனை தடவை அந்தப் பெண் அவள் வீட்டுக்கு வந்து தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, வேறு ஏதாவது இருக்கா என்று கேட்டுக்கொண்டு வாசலில் நின்றிருப்பாள். தம் தவறு எவ்வளவு சின்னது என்று பாக் அடிலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெயில் இறங்கியது. "நெக், வாங்க, வீட்ல எல்லாரும் வந்திருப்பாங்க," என்றான் இர்ஃபான்.

"நீங்க போங்க."

"இருட்டிடும்," என்றார் பாக் அடிலா.

"புதைச்சுட்டுப் போறவங்க செருப்புச் சத்தம் மையத்துக்குக் கேக்கும்னு நமக்கு மதரஸால சொல்லிக்கொடுத்தாங்கல்ல?"

"ஆமா."

"நான் எந்திரிச்சா என் சத்தமும் கேக்கும். மறுபடி விட்டுட்டுப் போறான்னு நெனப்பா."

மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். பள்ளிவாசலில் மக்ரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியதும் துகீனா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தூங்கிவிட்ட பிள்ளையை விட்டு வெளியே வருகிறவள்போல் நுனிக்காலில், ஒவ்வொரு அடியாக, வாசல்வரை போனாள்.

இர்ஃபான் தன் மோட்டார் வண்டியில் ஏறிச் சாவியைத் தொட்டான். பிறகு கையை எடுத்துவிட்டு இறங்கி, வண்டியைத் தள்ளத் தொடங்கினான்.