திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது என் படிப்புக்காக என்று வாப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் அது வந்தது சாச்சிக்காக. சாச்சி உம்மாவின் ஒரே தங்கை. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் போனவர். வீட்டோடு அல்பமும் போய்விட்டதால் அவர் முகம் பதிந்த ஒரு படம்கூட மிஞ்சவில்லை. சில வருடங்கள் கழித்து அக்கரைப்பற்றில் ஒரு சொந்தக்காரர் அலுமாரியில் ஒரு சீடி அகப்பட்டது. கல்யாண வீடொன்றில் மருதாணி போட்ட நாளில் பெண்கள் பக்கம் எடுத்த வீடியோ. ஆண்கள் எட்டிப் பார்க்காத இடம் அது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கமரா அன்று பெண்களிடம் கைமாறித் திரிந்ததாம். சாச்சியும் அங்கே இருந்தார் என்பது மட்டும் உம்மாவுக்கு நல்ல ஞாபகம்.

சீடியைப் போட்டோம். படம் வரவில்லை. கறுத்த திரைக்குள்ளிருந்து குரவைச் சத்தம் வந்தது. பிறகு சிரிப்பும் வளையல் சத்தமும் வந்தன. அதற்குள் ஒரு குரல், மற்றவற்றைவிட மிகக் கிட்டத்தில், யாரையோ பகிடி பண்ணியது. உம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. அது சாச்சியின் குரல். மௌத்தானவர்கள் இருட்டுக்குள் இருந்து சிரிப்பதை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு அந்த அறைக்குத் தனியாகப் போக எனக்குப் பயமாக இருந்தது.

நற்பிட்டிமுனையில் கம்ப்யூட்டர் திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிடலாம் என்றதும் உம்மா மறுத்துவிட்டார். முக்காடில்லாமல் பெண்கள் இருக்கும் வீடியோவை அந்நிய ஆண் பார்க்கக் கூடாது. போய்ச் சேர்ந்தவர்களுக்கு என்ன வந்தது என்று வாப்பா வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"மௌத்தானாலும் அவள் பொம்புளதான்," என்றார் உம்மா.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. திருத்துகிறவர் ஹோலில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். மனைவியின் தங்கை என்றாலும் அந்நியம்தான் என்பதால் வாப்பாவும் அவருக்குப் பக்கத்தில். கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் நானும் உம்மாவும். அவர் கேட்பதை நான் பார்த்துச் சொல்ல வேண்டும், சொல்வதை அழுத்த வேண்டும். வைத்தியர் நோயாளியைப் பாராமல் மருந்து எழுதுவது போல வேலை நடந்தது.

"மகள், முதல்ல அதக் கொப்பி எடுங்க. சீடி கீறுப்பட்டிருந்தா உள்ள குரலும் போயிரும்," என்றார் அவர். கொப்பி ஆகி முடியும்வரை உம்மா உதட்டுக்குள் ஓதிக்கொண்டே இருந்தார். அதன்பிறகு திருத்துகிறவர் அதை ஓடவிடச் சொன்னார். குரலுக்குத் திரைச்சீலை ஏது? சாச்சியின் சிரிப்பு ஹோலுக்கும் போயிற்று. படம் கறுப்பாகவே இருக்கிறது என்றேன். அவர், வீடியோவில் பழுதில்லை, படத்தைத் திறக்கிற திறப்புத்தான் இந்தக் கம்ப்யூட்டரிடம் இல்லை என்று சொல்லி, திரைச்சீலைக்குக் கீழால் ஒரு பென் டிரைவை நீட்டினார். அதிலிருந்ததை ஏற்றி, மறுபடி ஓடவிட்டேன்.

படம் வந்தது.

பாயில் பெண்கள் வரிசையாக, மருதாணிக் கைகளை விரித்தபடி இருந்தார்கள். எல்லோரும் நேராக எங்களையே பார்த்துச் சிரித்தார்கள். நடுவில், மெலிந்து, இளமையாக, உம்மா. மடியில் குழந்தையாக நான். அந்த வரிசையில் எங்கள் இருவரையும் தவிர வேறு யாரையும் கடல் மிச்சம் வைக்கவில்லை. படத்திலிருந்த உம்மா எங்களைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அத வெச்சிட்டு இஞ்ச வாவன் புள்ள. வந்து எனக்குப் பக்கத்தில இரி."

"இந்தா வாறன் ராத்தா."

பதில் படத்துக்குள்ளிருந்து வரவில்லை. நாங்கள் இருந்த பக்கத்திலிருந்து வந்தது போல இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். திரைச்சீலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அக்காவை ராத்தா என்று கூப்பிட்டது சாச்சிதான்; கமரா அவர் கையில் இருந்திருக்கிறது. படம் முடியும்வரை அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை.

சாச்சி இதில் இல்லையே, எல்லாம் வீண்தானே என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து உம்மா லுஹர் தொழுதுவிட்டு வந்து தினமும் அதைப் போடச் சொல்வார். அந்தச் சிரித்த முகங்களைப் பார்க்க எனக்கு நடுக்கம். அவர்கள் உம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒருநாள் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது. பரவாயில்லை, போடு என்றார் உம்மா. குரவை இல்லாமல், சிரிப்பில்லாமல் படம் ஓடியது. உள்ளே இருந்த உம்மாவின் உதடுகள் அசைந்தன, கை கூப்பிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த உம்மா, சாச்சியின் அதே குரலில் மெதுவாகச் சொன்னார்:

"இந்தா வாறன் ராத்தா."

நான் அலறிக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தேன். போகாதீங்க உம்மா, போகாதீங்க என்று அழுதேன். எங்கும் போகவில்லை என்று சொல்லி முதுகைத் தடவினார். நான் நம்பவில்லை. படத்துக்குள் தங்கையைக் கூப்பிட்டபடி இருந்த அந்த இளம் உம்மாவைப் பதில் கிடைக்காமல் தனியாக விட அவருக்கு மனம் வரவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.