அக்கா வாங்கிய முப்பது

ஈரத்தோலும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை, மழைக்காலத்தில் எங்கள் மந்தைவெளி வீட்டுக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஏறும். அது செல்வி அக்காவின் "காலிப்பர்" வாசனை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போன அக்காவுக்கு, தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரும்புக் கம்பியும் தோல் பட்டையுமாகச் செய்துகொடுத்த அந்தக் காலிப்பரை, அம்மா ஞாயிறுதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பாள். என் செருப்பை யாரும் துடைத்ததில்லை.

என்னைவிட மூன்று வயது மூத்தவள், ஆனாலும் பஸ் ஏற அம்மாவின் இடுப்பு அவளுக்கு. வாரம் இரண்டு நாள் அடையாறுக்குப் "பிசியோ" பயிற்சிக்குப் போகும்போது ஜன்னலோரம் அவளுக்கு. திரும்பும் வழியில் தேங்காய் பன்னும் அவளுக்கு. கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "அவளுக்கு முடியாதுடி. உனுக்கு இன்னா கொறச்சல், கல்லு மாரி கீற." கல்லு மாதிரி இருப்பதே நான் செய்த குற்றம்போலத் தோன்றும். ஒருநாள் நானும் நொண்டிப் பார்த்தேன். முதுகில் ஒன்று விழுந்தது, பன் வரவில்லை.

அக்காவுக்குப் பத்து வயதானபோது காலிப்பர் சின்னதாகிவிட்டது. அரசாங்கத்தில் புதிது தர அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு, கிண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் டாக்டர் பார்த்து, ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். நாற்பதுக்குக் குறைந்தால் அட்டை கிடையாது. வரிசையில் நின்ற அம்மாக்கள் எல்லாம் "நெறைய போடணும்" என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பரீட்சை மார்க்காகவே கேட்டது. இதிலும் அக்காதான் நிறைய வாங்கப் போகிறாள் என்று வயிறு எரிந்தது.

அம்மா ஃபாரம் வாங்கப் போன நேரம் பார்த்து அக்காவின் காதில் சொன்னேன்: "இன்னும் எவ்ளோ நாளுக்கு அம்மா மேலயே தொங்கிக்கினு இருப்ப? கையை வெக்காம நாலடி நடந்து காட்டேன் பாக்கலாம்."

உள்ளே டாக்டர் காலிப்பரைக் கழற்றி நடக்கச் சொன்னார். எப்போதும் இடது தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அக்கா அடி வைப்பாள். அன்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு, சுவர்வரை ஆடி ஆடி நடந்தாள். அத்தனை கூட்டத்தில் காலைத் தொட்டுப் பார்க்க டாக்டருக்கு நேரமில்லை. முப்பது என்று எழுதிவிட்டார்.

"இன்னிக்குன்னு பாத்தா வீராப்பு காட்டுவ, பாவி" என்று அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே அவளைத் திட்டினாள். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடுத்த முகாம் வர எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை பழைய பட்டை தொடையை அறுத்துப் புண்ணாக்கியது. அதற்கு மருந்து போட அம்மா அவளை மடியில் கிடத்திக்கொள்ளும்போதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்த முகாமில் வேறொரு டாக்டர், நிதானமாகத் தசையை அழுத்திப் பார்த்து அறுபது போட்டார். புதுக் காலிப்பர் வந்தது. துணைக்கு ஒருவரையும் கூட்டிப்போகும் பஸ் பாஸ் வந்தது. பின்னாளில் தி. நகரில் ஒரு வங்கியில் வேலை கிடைத்ததும் அந்த அட்டையால்தான்.

இப்போது அக்கா போட்டிருப்பது லேசான பிளாஸ்டிக் காலிப்பர், எண்ணெய் போட வேண்டாம். எண்ணெய் போட அம்மாவும் இல்லை. போன மாதம் புது மாதிரி அட்டைக்கு விண்ணப்பிக்க, பழைய காகிதங்களை எடுத்து ஸ்கேன் செய்துகொண்டிருந்தோம். அந்த முப்பது எழுதிய சீட்டு, கண்ணாடித்தாள் உறைக்குள் கசங்காமல் இருந்தது. இத்தனை வருஷம் மென்று விழுங்கியதை அப்போதுதான் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அக்கா சிரித்தாள். "அட போடி. எல்லாரும் நடக்காத, வுழுந்துடுவன்னாங்க. நீ ஒருத்திதான் நடன்னு சொன்ன. டாக்டரு கொறச்சுப் போட்டதும் எனக்குக் கால் பாதி சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்கினேன். எட்டு மாசம் அந்த நெனப்புலயே சந்தோஷமா இருந்தேன். அதான் பத்திரமா வெச்சுக்கினு கீறேன்."

சீட்டை உறைக்குள் திரும்ப வைக்கும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. நான் எத்தனையோ பரீட்சைகளில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். ஒரு தாளையும் அப்படி எடுத்து வைத்ததில்லை. பொறாமையாக இருந்தது.