முதலில் வெளிர் நிறங்கள்

அந்தக் காகிதத்தை நான் ஏதோ பூ வேலை டிசைன் என்றுதான் நினைத்தேன். கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு, என் ஓரகத்தி கொடுத்துவிட்ட மஞ்சள் பைக்குள் மற்றக் காகிதங்களோடு அதுவும் வந்து சேர்ந்திருந்தது. ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வாசல், இரண்டு அடுப்பு என்று ஒரு வீட்டில்தான் இருந்தோம். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கிராஸ் தையல் போடுவதில் அவளுக்குப் பைத்தியம். கட்டம் கட்டமாகப் பூவும் கிளியும் அச்சான தாள்களை அவள் அனுப்புவாள், நான் நகல் எடுத்துப் போவேன். அன்றைக்கு ஒரு தாளில் பூவும் இல்லை, கிளியும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டங்கள், உள்ளே முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள், நடுவில் மட்டும் சுண்டுவிரல் நுனி அளவு வெள்ளை. மேலே ஆங்கிலத்தில் என்னவோ இருந்தது. காலை நேரத்துக் கூட்டத்தில் அதை யார் படித்தது? மற்றதோடு சேர்த்து அதையும் பாதியாகச் சுருக்கி இரண்டு பிரதி எடுத்து வைத்தேன்.

சுருக்குவது என்பது அக்காவின் வழக்கம். கடைக்கு வருகிற வயதானவர்கள் பட்டாவோ ரேஷன் கார்டோ எதுவானாலும் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். இவள் ஒருத்திதான் டிசைனைச் சின்னதாகக் கேட்பாள். "இன்னுங் கொஞ்சம் சுருக்கிக் குடு" என்பாள். "இதுக்கு மேல சுருக்குனா எறும்பக் கூப்பிட்டுத்தான் தைக்கச் சொல்லணும்" என்று நான் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரியும். அந்தப் பொடிக் கட்டங்களை அவள் கண்ணாடி இல்லாமல் எண்ணுவாள். ஊசியில் ஒரே தடவையில் நூல் கோப்பாள். அதே ஆள் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவாள். நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்வாள். கல்யாண வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற சொந்தக்காரியைக் கண்டுகொள்ளாமல் நடந்து போவாள். "அவளுக்கு இருக்கிற ராங்கிக்கு நம்மளெல்லாம் கண்ணுக்குத் தெரிவமா" என்று பின்னால் பேசுவார்கள். பேசினவர்களில் நானும் உண்டு.

அந்தச் சமயத்தில் அவள் நான்கு வேலைகளை ஒன்றாகத் தொடங்கி வைத்திருந்தாள். கிளி ஜோடி போட்ட தலையணை உறை இரண்டு, ரோஜாக் கொடி ஓடும் மேஜை விரிப்பு ஒன்று, சுவரில் மாட்டப் பிள்ளையார் ஒன்று. எல்லாம் மகளுக்குச் சீர் கொடுக்க. நாலு நாளைக்கு ஒரு துணி என்று வைத்துக்கொள்ளாமல், தினமும் நான்கையும் எடுத்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போடுவாள். அதிலும் ஒரு விசித்திரம். ஒரு கிளியை எடுத்தால் கிளியை முடிக்க மாட்டாள். நான்கு துணியிலும் இருக்கிற வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் இவற்றை மட்டுமே தைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கிளிகளுக்குக் கண்ணைச் சுற்றி ஒரு வளையம்தான் இருந்தது. ரோஜாவில் இதழின் ஓரம் மட்டும் இருந்தது. "பிள்ளையாருக்குத் தந்தம் வந்திருச்சு, மாலை வந்திருச்சு, பிள்ளையாரத்தான் காணோம்" என்று நான் வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

கடையிலிருந்து வந்து காகிதங்களைக் கொடுத்த அந்தச் சாயங்காலம், அந்த இரண்டு வட்டத்தையும் அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, "இது என்னக்கா டிசைன், ஒரே கறுப்பா இருக்கு? இதுக்கு நூல் வாங்கியே நம்ம சொத்து அழிஞ்சிரும்" என்றேன். அவள் வாங்கிப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அது டிசைன் இல்ல. அதுதான் என் கண்ணு" என்றாள்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் விரலை வைத்துக் காட்டினாள். கறுப்பாக இருப்பதெல்லாம் தெரியாத இடம், நடுவில் வெள்ளையாக இருப்பது மட்டும் தெரிகிற இடம். நேராகப் பார்த்தால் பொடி எழுத்துகூடத் தெரியும், ஆனால் அந்த ஓட்டைக்குள் அடங்க வேண்டும். அதனால்தான் டிசைனைச் சுருக்கச் சொன்னாள். செம்பும் நிலைக்கதவும் சொந்தக்காரியும் அந்த ஓட்டைக்கு வெளியே இருந்தார்கள். மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம், இது வம்சத்தில் வருவது, மருந்து கிடையாது, ஓட்டை சின்னதாகிக்கொண்டே போகும், நிறங்களில் வெளிர் நிறம்தான் முதலில் மங்கும் என்று. சந்தனத் துணியில் வெள்ளை நூல் தெரியும்போதே அதைத் தைத்துவிட வேண்டும். பச்சை, நீலம், கறுப்பு எல்லாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். ஒரு துணியை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் அதில் வெள்ளை போட முடியாமல் போய்விடும். நான் ஆறு மாதமாகக் கேலி செய்த வேலைக்கு இதுதான் கணக்கு. 

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான். மாலைக்கண்ணுன்னு சொல்லிச் சொல்லியே கடைசியில ஒண்ணுந் தெரியாமப் போச்சு" என்றாள். மகளையும் அழைத்து வரச் சொல்லி டாக்டர் கேட்டிருக்கிறார். இவள் அழைத்துப் போகவில்லை. "அவளுக்கும் இருக்குன்னு தெரிஞ்சா மறைக்கணும். தெரியாட்டி மறைக்க வேண்டியதில்ல பாரு. அவ கழுத்துல ஒரு கயிறு ஏறுற வரைக்கும் இது வெளிய போகக் கூடாது. ஒன்னய என் தங்கச்சியா நெனச்சுச் சொல்றேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன்.

அன்று முதல் அந்த வேலையில் எனக்கும் பங்கு வந்தது. கடை விட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். நூலை இரண்டு இழையாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஊசியாகக் கோத்து, பஞ்சுத் தலையணையில் வரிசையாகக் குத்தி வைப்பேன். புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக்குப் போனால் கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியும் நூலும் நான்தான் பொறுக்கி வாங்கி வருவேன். இளம்பச்சை முடிந்து கிளிப்பச்சை வந்தது, ரோஜாவுக்குச் சிவப்பு வந்தது. துணிக்கு இரண்டு வரி, ஒரு நாளும் தவறாது. காய்ச்சல் என்றாலும் போர்த்திக்கொண்டு தைப்பாள். யார் வந்தாலும் அக்கா தன் வேலையை எடுத்துக் காட்டுவாள். இவ்வளவு நுணுக்கமாகத் தைக்கிறவளின் கண்ணைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? வந்தவர்கள் மெச்சிக்கொண்டு போவார்கள், நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். உண்மையைச் சொன்னால், கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளோடு நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

அப்புறம் அறந்தாங்கியிலிருந்து என் அண்ணன் தன் மகனுக்கு அவள் மகளைக் கேட்டான். எனக்கு அண்ணன் மகன், அவள் மகளுக்கு மாமன் மகன். முறை சரி, படிப்பு சரி, பிள்ளைகளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஒன் வீட்டுக்கே போறா. இனி எனக்கு என்ன பயம்" என்றாள். பயம் எனக்குத்தான் வந்தது. என் அண்ணன் என்னைப் படிக்கவைத்தவன். அவன் பேரப்பிள்ளை ஒன்று நாளைக்குச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தால், தெரிந்தும் சொல்லாத பாவி நான்தானே? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதில் கொஞ்சம் வேறு கலப்பும் இருந்தது. எல்லாரும் மெச்சுகிற அவளைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று வாய்க்குள்ளேயே கிடந்தது. அதை வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

ஒரு மத்தியானம் கொல்லையில் துணி துவைக்கிற கல்லருகில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். "புள்ள தங்கம்ண்ணே, ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா அவ அம்மாவுக்குக் கண்ணுல கோளாறு. வம்சமா வாரதாம். நான் சொன்னேன்னு வெளிய வரவேணாம்" என்றேன். சொல்லி முடிக்கும்போது கொடியில் காயும் துணியை எடுக்க அக்கா வந்தாள். நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பக்கவாட்டுச் சுவரோடு ஒட்டி மூச்சைக்கூட விடாமல் நின்றேன். அவளுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பது எனக்குத்தான் அளவோடு தெரியுமே. அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அந்த நேரத்தில் பிழைத்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஜாதகம் சரியில்லை என்று அண்ணன் வீட்டிலிருந்து சொல்லிவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் அண்ணி இரண்டு பேரிடம் ரகசியமாகச் சொன்னாள், அந்த இரண்டு பேரும் ரகசியமாகவே சொன்னார்கள். மணமேல்குடி வரைக்கும் எங்கள் ஆட்களில் தெரியாதவர் ஒருத்தர் பாக்கி இல்லை. பெண் பார்க்க வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. வந்து போனவர்கள் பதில் சொல்லவில்லை. அவள் மகளுக்கு அப்போது இருபத்து மூன்று. அக்கா ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை, அழவும் இல்லை. ஜாதகச் செய்தி வந்த மறுநாள் சாயங்காலமும் வழக்கம்போல, "வாரியா, பச்சைக்கு ஊசி கோக்கணும்" என்று என்னைக் கூப்பிட்டாள். நானும் போனேன். சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை என நிம்மதிப்பட்டேன், அதற்காகவே அவளுக்கு விழுந்து விழுந்து வேலை செய்தேன்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் அந்த நான்கு துணிகளும் வளர்ந்தன. ஓட்டை அடைந்துகொண்டே வந்தது. கடைசியில் அடர்நீலமும் கறுப்பும் மட்டும் பாக்கி. அவள் நகத்தால் துணியின் துளைகளைத் தடவிக் காத்திருப்பாள், நான் தாளைப் பார்த்து, "வலப்பக்கம் நாலு தள்ளி, அதுல இருந்து ஏழு போடுங்க" என்பேன். தப்பாகப் போட்டால் சேர்ந்து பிரிப்போம். பார்க்க வந்த பெண்களிடம் அவளே, "இது நான் தச்சதில்ல, இவ கண்ணு தச்சது" என்பாள். நான் அடுத்த ஊசியைக் கோத்து நீட்டுவேன். பிள்ளையாரின் கண்ணுக்குக் கடைசிக் கறுப்பு வைத்து முடிச்சுப் போட்ட அன்றைக்கு, நூலை வெட்டச் சொல்லி என்னிடம்தான் நீட்டினாள். நான்கையும் துவைத்து, தேய்த்து, டிரங்குப் பெட்டியில் வைத்தோம். மறுநாள் சாயங்காலம் நான் போனபோது, "இனி என்ன இருக்கு, நீ போய் ஒன் வேலயப் பாரு" என்றாள். தையல் முடிந்துவிட்டது, பார்வையும் போய்விட்டது, அந்தச் சோர்வு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள்.

மகள் புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தெட்டு வயதில் யாரிடமும் சொல்லாமல் தனியாக மதுரைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்தாள். ஒரு கோளாறும் இல்லை, அவளுக்கு இனி வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை என் கடைக்குத்தான் நகல் எடுக்கக் கொண்டு வந்தாள். வட்டம் இரண்டும் வெள்ளையாக இருந்தன. அதற்குள் என் அண்ணன் மகனுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தன. அன்று வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்கா போன ஐப்பசியில் இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள், நான்கு நாளில் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, மகள் டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்தாள். முப்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தலையணை உறையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்த எனக்கு அடக்க முடியவில்லை. "எனக்கு இதுல ஒண்ணு குடு தாயி. ஒங்கம்மா என் மேல உசுரா இருந்துச்சு" என்றேன்.

அவள் கோபமாக எதுவும் பேசவில்லை. விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரியும் சித்தி. நீங்க கொல்லையில போன் பேசுனீங்கள்ல, அன்னைக்கே தெரியும். நான் ஒங்ககிட்ட சண்டைக்கு வரப்போனேன். அம்மாதான் கையப் பிடிச்சு ஒக்கார வச்சுச்சு. 'இன்னும் பச்ச இருக்கு, நீலம் இருக்கு, கறுப்பு இருக்கு. அவளயும் வெரட்டிட்டா எனக்கு ஊசி கோத்துக் குடுக்க யாரு இருக்கா? வேல முடியட்டும், அது வரைக்கும் வாயத் தொறக்காத'ன்னு சொல்லுச்சு."

நான் கையிலிருந்த உறையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் அதை எடுத்து மற்ற உறையின் மேல் சரியாக அடுக்கி, பெட்டியை மூடினாள்.