எக்ஸெல்லுக்கு நடுவில் ஒரு ஸ்மால்

வெளுத்து வந்த பனியன் துணியின் காரமான வாசம் மூக்கில் ஏறினால், இந்த வயசிலும் எனக்குக் கால் தானாகப் பரபரக்கும். நல்லூரில் மூன்று மாடிக் கம்பெனி கட்டினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கப்பலில் சரக்கு ஏற்றினேன். நூல் விலை ஏறிப் பலரும் கதவைச் சாத்தியபோதும் என் மிஷினை ஓட வைத்தேன். தண்ணீர் இல்லை என்று எல்லோரும் கைவிட்ட மூலனூர்க் காட்டில் முருங்கை காய்க்க வைத்தேன். இதற்கெல்லாம் எனக்குப் பேர் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் நான் செய்த முதல் காரியத்துக்குத்தான் இன்றுவரை பேர் இல்லை. அது ஒரு கோல்.

அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் "கைமடி", அதாவது தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிறவன். குள்ளம், எலும்பும் தோலும். எங்கள் கட்டிங் மாஸ்டர் சுப்பண்ணன் பழைய கபடிக்காரர். பொங்கலுக்குக் கம்பெனிகளுக்குள் நடக்கும் விளையாட்டுக்கு ஆள் எடுக்க, துணி ரோல் நிறுக்கும் தராசில்தான் ஒவ்வொருவராக ஏற்றுவார். நான் ஏறினால் முள் அசையவே யோசிக்கும். "எறங்கு கண்ணு, ஒரு ரோலுக்குக்கூடத் தேற மாட்டீங்கற" என்பார். கபடியில் பிடியை உதறி வர உடம்பு வேண்டும், வாலிபாலில் வலைக்கு மேலே கை போக வேண்டும். இரண்டும் எனக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வருசம் புதிதாகக் கால்பந்தைச் சேர்த்தபோதும் மனிதர் அதே தராசைத்தான் இழுத்துப் போட்டார். கட்டிங் வேஸ்ட்டை உருட்டி எலாஸ்டிக்கால் இறுக்கி, மதிய இடைவேளையில் நாங்கள் உதைத்த "பொட்டலப் பந்தை" என் காலிலிருந்து ஒருத்தரும் பறித்ததில்லை. அதை முள் காட்டுமா?

ஆட்டம் காதர்பேட்டைக் கம்பெனியோடு. எங்கள் கனத்த ஆட்கள் பின்னால் சுவர் மாதிரி நின்று ஒரு கோல்கூட விடவில்லை. ஆனால் பந்தை முன்னால் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை, எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. கோட்டோரம் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க மாஸ்டர், ரோல் அடுக்குனாப்ல நிக்கறாங்க. என்னைய எறக்குங்க."

"நீ எங்க கண்ணு? அவிக இடிச்சா பிசிறாட்டப் பறந்துருவ."

"புடிச்சாத்தானுங்க இடிக்கறதுக்கு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆள் ஒருவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அயர்ன் டேபிளில் நிற்கும் ஞானராஜ், பனைமரம் கணக்காக ஆறடி, மைதானத்திலிருந்து கத்தினான்: "மாஸ்டர், ராசுவ உடுங்க. அவன் பந்தக் குடுத்தா நான் தலையக் குடுக்கறேன்."

இறங்கினேன். இடிக்க வந்தவர்களின் கைக்கு அடியில் குனிந்து, கால் சந்தில் நெளிந்து, ஓரமாகவே ஓடிப் பந்தைத் தூக்கிப் போட்டேன். ஞானராஜ் எம்பி முட்டினான். கோல்! கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கூட்டத்துக்கு அடியில் நான் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

பின்னாளில் ஏற்றுமதிக்குப் பெட்டி கட்டும்போதுதான் விளங்கியது. ஒரே பெட்டியில் ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸெல் எல்லாம் கணக்காகக் கலந்து போடுவதை "ரேஷியோ" என்போம். மற்ற ஆட்டமெல்லாம் ஒரே சைஸ் கேட்கும். கால்பந்துதான் ரேஷியோப் பெட்டி. ஸ்மால் குறைந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும்.

அந்த மைதானம் இன்று நூல் குடோன். ரோலை மிஷினே எடை போட்டுக்கொள்கிறது. ஆள் ஏறி நிற்கும் தராசு போய்விட்டது. ஆனால் என் கம்பெனி மொட்டைமாடியில் வலை கட்டிப் பச்சை விரிப்புப் போட்டிருக்கிறேன். ஷிப்ட் முடிந்தால் ஒரிசாக்காரர்களும் மதுரைக்காரர்களும் நம்ம ஊர்ப் பெண்களும் கலந்து ஆடுகிறார்கள். செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண் என்னைவிடக் குள்ளம். பந்து அவள் காலுக்குப் போனால் ஆறடி ஆட்களெல்லாம் பின்னால் ஓட வேண்டியதுதான். யாரும் அவளை நிறுத்துப் பார்க்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு அந்த கோலின் ஞாபகமாக கம்பெனிகளுக்குள் நடக்கும் விளையாட்டில் ஞானராஜ் பேரில் கோப்பை வைக்கிறார்களாம். "ராசு குடுத்த பந்துதானுங்க" என்று அவனே சொல்கிறான், கேட்பார் இல்லை. கோப்பையில் பேர் வெட்டும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: அவன் பேர் பெரிசாகவே இருக்கட்டும், ஆளும் பெரிசு. அதற்குக் கீழே, "பந்து கொடுத்தது ராசு" என்று சின்ன எழுத்தில், இல்லை, அதே அளவு எழுத்தில் வெட்டுங்கள்.