குணம் போட்ட வெள்ளைக் கோடு

செய்தி வந்தபோது நான் லிபெர்த்தாத் தெருவில், வேலை செய்யும் வீட்டில், வீட்டுக்காரச் சிஞ்ஞோராவின் மேசைவிரிப்பை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். "அம்மா, குணம் அண்ணை மோசம் போயிட்டார்" என்று மகள் போனில் சொன்னாள். நான் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அப்ப ஞாயிற்றுக்கிழமை கோடு போடப்போவது யார் என்று கேட்டேன். செத்தவீடு எப்போது என்று கேட்டிருக்க வேண்டும். மகள் போனை வைத்துவிட்டாள்.

அவரின் மனைவி வசந்திதான் அவர் நினைவாக அச்சிடும் இந்தக் கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். "உங்களுக்குத்தான் அக்கா எல்லாம் ஞாபகம்" என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழையை மகள் திருத்துகிறாள். ஞாபகம் இருப்பது உண்மைதான். எதை ஞாபகம் வைத்திருந்தேன் என்பதை நினைக்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

குணம் வன்னியிலிருந்து சண்டை முடிந்த பிறகு இத்தாலிக்கு வந்தவர். பேஸ்போல் கழகத்தின் மைதானத்தைப் பார்த்துக்கொண்டார். புல் வெட்டுவார், மண்ணை நனைப்பார், ஆட்ட நாளில் சுண்ணாம்புத்தூளால் இரண்டு நீண்ட கோடுகள் போடுவார். பள்ளிக்கூடத்தில், இதே மாதிரித் தடியால் பந்தடித்து ஓடும் எல்லே விளையாடியவர் என்பதால் ஆட்டம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. நான் அந்தக் கழகத்தின் சீருடைகளைத் தோய்க்கிறவள். எனக்கு ஆட்டம் இன்றைக்கும் விளங்காது. ஆனால் ஒவ்வொரு பருவத்தின் முதல் ஆட்டமும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு ஒருநாள்தான் உடுப்புகள் முழு வெள்ளையாக இருக்கும்.

அவர் வந்த வருடத்து முதல் ஆட்டம். உடுப்புக் கூடையோடு மைதானத்துக்குக் குறுக்கே நடந்தேன். சனம் எல்லாம் வந்து இருந்துவிட்டது. "அக்கா, கோட்டை மிதியாதேங்கோ!" என்று மைதானத்தின் மற்ற அந்தத்திலிருந்து குணத்தின் சத்தம். மிதித்துவிட்டேன். என் செருப்பில் சுண்ணாம்பு, அவர் கோட்டில் என் செருப்பு. இளைஞர்கள் சிரித்தார்கள். அவர் ஓடிவந்து, குந்தியிருந்து, அந்த இடத்துக்கு மட்டும் திரும்பத் தூள் போட்டார். "கோடு இல்லாட்டி இது வெறும் காணி அக்கா" என்றார். அன்றைக்கு நாங்கள் வென்றோம். நான் அவரோடு கதைப்பதை விட்டேன்.

பிறகொரு வருடம் கடற்காற்று பேயாட்டம் ஆடியது. பந்து எறியும் மேட்டை மூடியிருந்த படங்கு கிளம்பியபோது, குணம் அதன் மேல் கை காலை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத் தோற்றோம். "முதல் ஆட்டத்திலை தோக்கிறது நல்லம். பிறகு தோக்கப் பயம் வராது" என்று எல்லோருக்கும் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரின் உடுப்பில் ஒட்டிய செம்மண்ணைப் பார்த்து, இது என் தலையில்தான் விடியும் என்று மட்டும் நினைத்தேன்.

புதுச் சீருடைகள் வந்த வருடத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். புது உடுப்புக்கு மஞ்சள் தொடாமல் போடக்கூடாது. நான் ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் ஒரு பொட்டு வைத்தேன். ஆட்டத்துக்கு முதல் நாள் எல்லாவற்றையும் ஒருக்கால் தோய்த்துத் தரச்சொன்னார்கள். அவசரத்தில் மஞ்சளை மறந்து மெஷினில் போட்டேன். மஞ்சள் சவர்க்காரத்தைக் கண்டால் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். வெள்ளை எல்லாம் திட்டுத்திட்டாகச் சிவப்பு. கத்தானியாவிலிருந்து விளையாட வந்த எதிரணிக்காரர், நீங்கள் அடிபட்டு வந்தவர்களா என்று கேட்டுச் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் குனிந்த தலையோடு விளையாடித் தோற்றார்கள்.

இத்தாலியரான கழகத் தலைவர் இது யாருடைய வேலை என்று கத்தினார். என் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதிப் பத்திரத்தை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். கழகம் தந்த வேலைக் கடிதம் போனால் அதுவும் போகும். நான் வாய் திறப்பதற்கு முன், குணம் தலைப்பாகையாகக் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். எங்கள் ஊரில் மைதானக்காரன்தான் உடுப்புக்கு மஞ்சள் வைப்பான் என்று இத்தாலியனில் சொன்னார். அப்படியொரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அங்கே இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை.

அந்தப் பருவம் முழுக்க, ஆட்ட நேரத்தில் அவர் உள்ளே நிற்கக்கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். விடியக் கோடு போட்டுவிட்டு வெளியே போவார். கம்பிவலைக்கு அப்பால் நின்று பார்ப்பார். ஒருநாள் நான் அங்கே போய், தலைவரிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

"பேசாமல் இருங்கோ அக்கா. பெர்மெஸ்ஸோ கைக்கு வரட்டும். இஞ்சை நிண்டாலும் கோடு வடிவாத் தெரியுது."

ஒரு நன்றி என் வாயில் வரவில்லை. சரி என்று திரும்பி நடந்தேன்.

பெர்மெஸ்ஸோ வந்தது. அடுத்த வருடம் அவரும் உள்ளே வந்தார். முதல் ஆட்டத்தன்று, நன்றி சொல்லத்தான், வடை சுட்டுக்கொண்டு அவரிடம் நடந்தேன். "அக்கா, கோட்டை மிதியாதேங்கோ!" அதே குரல், அதே சனத்துக்கு முன்னால். நான் அப்படியே திரும்பிப்போய் வடையைக் கத்தானியாக்காரருக்குக் கொடுத்தேன். அதன் பிறகு அவரோடு நான் கதைக்கவே இல்லை. எனக்காக ஒரு பருவம் வெயிலில் வெளியே நின்ற மனிதர் என் கணக்கில் சின்னதாகிவிட்டார். சத்தம் போட்டவர் பெரிதாக நின்றார். வசந்தி, இதை உமக்கு நேரே சொல்ல எனக்கு முகம் இல்லை. அதனால்தான் எழுதித் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை செத்தவீடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்து முதல் ஆட்டம். ஆட்டக்காரர் ஒருவர் கோடு போட்டார், நடுவில் வளைந்திருந்தது. தலைவர் யாருக்கோ கை கொடுக்கக் குறுக்கே நடந்து வந்தார். கால் கோட்டுக்கு மேலே வந்துவிட்டது.

"மிதியாதேங்கோ!"

என் குரல்தான். இத்தனை பேருக்கு நடுவில், தமிழில். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அவருக்கு விளக்கவில்லை. ஆனாலும் தலைவர் தூக்கிய காலைத் தூக்கியபடி நின்று, கோட்டைக் குனிந்து பார்த்து, எட்டி அந்தப்பக்கம் வைத்தார். அந்தச் சொல் அவருக்கு நல்ல பழக்கம். இத்தனை வருடமும் குணம் அவரையும் அப்படித்தான் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். எல்லோரையும் அப்படித்தான். என்னை மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

குணம் தம்பி, உம்மிடமிருந்து எனக்கு இருப்பது அந்த ஒரு சொல்தான். அடுத்த வருடமும் அந்தக் கூடையோடு வருவேன். கோட்டைச் சுற்றித்தான் வருவேன்.